மேஸ்திரிகிட்ட கேளுங்க: வெங்காரம், வரிச்சு, தகரத்துக்கு கீழ ஒரு தட்டி

நம்ம பர்மா வாசகருங்ககிட்டேருந்து இந்த மாசம் வந்த கேள்வியில பாதிக்கு மேல வீடு வேகுதுங்கறதப் பத்திதான். தபால்ல வந்தது ரெண்டே ரெண்டு, மிச்சமெல்லாம் போன்ல வைபர் ஆப்புல, அதுலயும் நாலு பேரு எழுத சோம்பல்பட்டு பேசியே அனுப்பிட்டாங்க, ஒருத்தரு பின்னாடி கோழி கத்துற சத்தத்துல பாதி கேள்வி போச்சு.

பதிலுக்கு போறதுக்கு முன்னாடி ஒன்னு. பகுதிக்கு மேஸ்திரின்னு பேரு வெச்சதுக்கு ஒரு பாட்டி சண்டைக்கு வந்துட்டாங்க. அவங்க அப்பா காலத்துல மேஸ்திரின்னா ஊர்லேருந்து ஆள் சேத்து கப்பல்ல ரங்கூனுக்கு கூட்டியாந்து, வாங்கற கூலில பாதிய முன்பணக் கணக்குல புடிச்சிக்கிற ஆளு. பாட்டி, நான் அந்த மேஸ்திரி இல்ல, கரண்டி புடிக்கிற மேஸ்திரி, என் கூலியவே எனக்கு ஒழுங்கா குடுக்காதவங்க நெறய பேரு.

கேள்வி: அண்ணே, எங்க வீடு செங்கச் சுவரு, மேல தகரம். காலைல பத்து பத்தரைக்கு மேல உள்ள உக்கார முடியல, கைப்புள்ளைய தூக்கிட்டு பக்கத்து வீட்டு மாமரத்தடிக்கு போயிடுறேன். கரண்டு எப்ப வரும் எப்ப போகும்னே தெரியாது, ஃபேன நம்ப முடியாது. கூரைய மாத்த காசு கெடையாது. வேற வழி இருக்கா? (தட்டோன் வாசகி)

இருக்கும்மா. கூரைய மாத்தவே வேணாம். தகரத்துல என்ன நடக்குதுன்னு மொதல்ல புரிஞ்சிக்க. மேல வெயில் பட்டு தகரம் காயுது, காஞ்ச தகரம் அடுப்புல வெச்ச தோசக்கல்லு மாதிரி கீழ அனல வீசுது, அந்த அனலு நேரா உன் தலையிலயும் புள்ள தலையிலயும் எறங்குது. காத்து சூடாறது ஒரு பக்கம், இந்த அனல் வீச்சுதான் பெரிய தொல்ல. அதனால தகரத்துக்கும் உனக்கும் நடுவுல குறுக்க ஒன்னு நிக்கணும், அவ்ளோதான்.

சந்தையில சுவருக்கு விக்கிற பின்னின மூங்கில் தட்டி வாங்கிக்க, பர்மாக்காரங்க வீட்டுச் சுவரு பூரா அதுதானே. அத தகரத்தோட ஒட்டி அடிச்சிடாத, இதுலதான் எல்லாரும் தப்பு பண்றாங்க. தகரத்துக்கும் தட்டிக்கும் நடுவுல ஒரு சாண் எடவெளி விடு, அந்த எடவெளி ஓரத்துல இறவாரத்துப் பக்கம் தெறந்திருக்கணும், உச்சியில முகட்டுப் பக்கமும் தெறந்திருக்கணும். சூடான காத்து தானா மேல ஏறி முகட்டு வழியா போயிடும், கீழேருந்து புதுக்காத்து உள்ள வரும், ஃபேன் இல்லாம ஓடுற ஃபேன் அது. ரெண்டு பக்கமும் கொசுவல கம்பி அடிச்சிடு, இல்லன்னா எலி குடித்தனம் வந்துடும். முகட்டுத் தெறப்புக்கு மேல தனியா ஒரு சின்ன தகர மூடி, ரெண்டு பக்கமும் நல்லா நீட்டி, இல்லன்னா மொத மழையிலயே என்னத் திட்டுவ.

என் தங்கச்சி வீட்ல இப்படித்தான் போட்டோம். வேல முடிஞ்ச அன்னிக்கு மத்தியானம் ஏணில ஏறி தகரத்துக்கு அடியில கைய வெச்சேன், ஒரு நொடி கூட வைக்க முடியல, அதே எடத்துல தட்டிக்கு கீழ கைய வெச்சா சட்டிய கழுவி கவுத்தாப்புல வெதுவெதுன்னு இருந்துச்சு. மழ சத்தமும் கொறஞ்சிச்சு, அது யாரும் எதிர்பாக்கல.

இன்னொன்னு, தகரத்து மேல வெள்ள பெயிண்டு அடிச்சா நல்லா கேக்கும், ஆனா செலவ மிச்சம் புடிக்கறேன்னு சுண்ணாம்பு அடிச்சிடாத. ஈரச் சுண்ணாம்பு தகரத்து மேல இருக்கற துத்தநாகப் பூச்ச அரிக்கும், அப்புறம் துரு பத்தறதுக்கு நாள் எண்ணிக்க வேண்டியதுதான்.

கேள்வி: மேஸ்திரி ஐயா, பெகுவுக்கு வெளிய எங்க நெலத்துல ரெண்டு வருஷம் முன்னாடி மூங்கில்லயே வீடு போட்டேன். இப்ப மேலேருந்து மாவு கொட்டுது. சோத்துத் தட்டுல கூட விழுது. ராத்திரி கீச்சுகீச்சுன்னு சத்தம் வேற. பேசாம எல்லாத்தையும் பிரிச்சுட்டு கடன் வாங்கி சிமெண்டுலயே கட்டிடலாம்னு மகன் சொல்றான். மூங்கில் வீடுன்னா இப்படித்தானா? (பெகு விவசாயி ஒருத்தர்)

மூங்கில் வீடு இப்படி இல்லீங்க, பச்ச மூங்கில் வீடுதான் இப்படி. அது பவுடர் வண்டு. மூங்கிலுக்குள்ள இருக்கற மாவுச்சத்து, இனிப்பு, அதுதான் அதுக்கு சாப்பாடு, மூங்கில் மேல அதுக்கு பகையெல்லாம் ஒன்னும் கெடையாது. நாம அரிசி மூட்டைய தெறந்து போட்டுட்டு வண்டு வந்துடுச்சேன்னு அழுவமா? அதே கததான்.

எனக்கும் நடந்திருக்கு, வெக்கத்த விட்டுச் சொல்றேன். கல்யாணமான புதுசுல சொந்தமா ஒரு மூங்கில் வீடு போட்டேன், ஆத்தங்கரைல ஒரு கடைக்காரரு மூனு வருஷ முத்தல்னு சத்தியம் பண்ணி குடுத்தாரு, நானும் அவசரத்துல கணுவப் பாக்காம வாங்கிட்டேன். ஒரே வருஷம். காலைல எந்திரிச்சா பாய் மேல சலிச்ச கோதும மாவு தூவுனாப்புல ஒரு படலம், என் சம்சாரம் அத வெரல்ல தொட்டு நெத்தில திருநீறு மாதிரி பூசிக்கிட்டு என்னயப் பாத்துச்சு பாருங்க, இன்னிக்கும் மறக்கல.

முத்தல எப்படிப் பாக்கறதுன்னா, இளசுல தோல் மேல வெள்ளப் பொடி படிஞ்சிருக்கும், கணுவுல மட்டை ஒட்டிட்டு இருக்கும், பச்ச பளிச்சுனு இருக்கும். மூனு வருஷம் தாண்டினதுல பொடி போயி அங்கங்க சாம்ப நெறத்துல பாசி திட்டுத்திட்டா படிஞ்சிருக்கும், தட்டினா சத்தம் டொக்குனு இல்லாம கணீர்னு வரும். வெட்டுறது மழ நின்ன பிறகு, குளிர் காலத்துல. மழைக்கு முன்னாடி குருத்து விடறதுக்காக அது மாவுச்சத்த சேத்து வெச்சிருக்கும், அப்ப வெட்டினா வண்டுக்கு விருந்து வெச்சாப்புல. தேய்பிறையில வெட்டணும்னு நம்ம பெரியவங்களும் சொல்லுவாங்க, நானும் தேய்பிறையிலதான் வெட்டுவேன், ஆனா தேய்பிறைய மட்டும் நம்பி மருந்து போடாம விடமாட்டேன்.

மூங்கிலயும் பாத்து எடுக்கணும். கியாத்தவுங் வா தூணுக்கும் கைமரத்துக்கும் நல்லது. தின் வா, அதான் கவுனி அரிசி போட்டு நெருப்புல சுட்டு விக்கிறாங்களே அந்த மெல்லிசு மூங்கில், அது தட்டி பின்னத்தான் லாயக்கு, அத தூணா நட்டுட்டு என்கிட்ட வராதீங்க.

இப்ப மருந்து. நம்ம ஆசாரிங்க நக பத்தவைக்க வெங்காரம் வெச்சிருப்பாங்க, அதேதான் போராக்ஸ். அதோட போரிக் ஆசிட், கேரம் போர்டுல தூவுறோமே அந்த ஜாதி வெள்ளப் பொடி. ரெண்டும் கெமிக்கல் விக்கிற கடையில கெடைக்கும். நூறு லிட்டர் தண்ணிக்கு 3 கிலோ வெங்காரம் 2 கிலோ போரிக் ஆசிட், வெந்நீர்ல கரைச்சா சீக்கிரம் கரையும். நெலத்துல 20 அடி நீளம் 2 அடி அகலம் ஒன்னரை அடி ஆழம் பள்ளம் வெட்டி தார்ப்பாய் விரிச்சா அது 60 கன அடி, ஏறக்கொறய 1,700 லிட்டர், மூங்கில அடுக்கின பிறகு தண்ணிக்கு எடம் ஒரு ஆயிரம் லிட்டர்னு வெச்சுக்கங்க. அதுக்கு 30 கிலோவும் 20 கிலோவும். வீசக் கணக்குல கேக்கறவங்களுக்கு ரெண்டும் சேத்து கிட்டத்தட்ட 31 வீச, நம்ம இங்க வீச 1.63 கிலோ, ஊர்ல உங்க தாத்தா சொன்ன வீச வேற. ஒரு தடவ கரைச்ச தண்ணிய அப்படியே கொட்டிடாம நாலஞ்சு தடவ பயன்படுத்தலாம், கொறஞ்ச அளவுக்கு தண்ணியும் மருந்தும் ஊத்திக்கிட்டே இருந்தா போதும், அதனால மொதல்ல செலவு பெருசா தெரிஞ்சாலும் மூனு வீட்டுக்காரங்க சேந்து பண்ணா ஒன்னுமே இல்ல.

முக்கியமான வேல இனிமேதான். மூங்கில் தோல் வழியா மருந்து உள்ள போகாது, அது கண்ணாடி மாதிரி. அதனால வெட்டி ஒரு வாரத்துக்குள்ள, பச்சையா இருக்கும்போதே, நீளக் கம்பிய நெருப்புல காய்ச்சியோ கூர் தீட்டியோ ரெண்டு முனையிலேருந்தும் உள்ள விட்டு கணுத் தடுப்ப எல்லாம் ஒடச்சிடணும். ஒரு கணுவ விட்டாலும் அந்த அறைக்குள்ள மருந்து ஏறாது, வண்டு கரெக்டா அந்த அறையத் தேடிப் புடிச்சிடும், எப்படித்தான் தெரியுமோ. ஏழெட்டு நாள் முழுசா முங்கிக் கெடக்கணும், மேல கல்லத் தூக்கி வைங்க, இல்லன்னா மெதக்கும். எடுத்து நெழல்ல நிக்க வெச்சு ரெண்டு மூனு வாரம் காயவிடணும்.

புள்ளைங்க, ஆடு மாடு அந்தப் பள்ளத்துப் பக்கம் வராம வேலி போடுங்க. மிச்சத் தண்ணிய கொளத்துலயோ வயல்லயோ ஊத்தாதீங்க, பயிரு கருகும்.

காசே இல்லன்னா பழைய வழி இருக்கு, ஓடுற தண்ணியில ரெண்டு மூனு மாசம் ஊறப் போடறது. தெப்பமா கட்டி ஆத்துல வர்ற மூங்கில் வண்டு அரிக்காம நாள் தாங்கும்பாங்களே, பாதி இதனாலதான், மாவுச்சத்து தண்ணியில கரைஞ்சு போயிடும். நாத்தம் மட்டும் பொறுத்துக்கணும்.

உங்க வீட்டுக்கு இப்ப என்ன பண்றதுன்னா, பிரிக்காதீங்க. அடுப்படிக்கு மேல இருக்கற மூங்கிலப் பாருங்க, புகை பட்டு கருப்பா எண்ண போட்டாப்புல இருக்கும், அதுல ஒரு ஓட்ட கூட இருக்காதுன்னு நான் பந்தயம் கட்டறேன். மத்ததுல எது தட்டினா பொத்தையா சத்தம் கேக்குதோ அத மட்டும் இந்த குளிர்காலத்துல ஒன்னொன்னா மாத்துங்க, மருந்து போட்டதா. தூணு மண்ணுக்குள்ள நட்டிருந்தா அதுதான் பெரிய தப்பு, மண்ணுல நட்ட மூங்கில் ஒரு வருஷம், மிஞ்சினா மூனு வருஷம், அதுக்கு மேல நிக்காது. முட்டுக்குடுத்து தூக்கி அடியில காங்கிரீட் கட்டையோ பியின்கடோ கட்டையோ வைங்க. ரயில் தண்டவாளத்துக்கு அடியில போட்ட மரம் அது, கரையான் பல்லு ஒடையும். வெங்காரமும் மழையில கரைஞ்சு ஓடிடற சாமான்தான், அதனால மருந்து போட்ட மூங்கிலா இருந்தாலும் கூரைக்கு கீழதான் இருக்கணும், வெளிய நனையற எடத்துல வைக்கக்கூடாது.

மகன்கிட்ட சொல்லுங்க, கடன் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு வீச வெங்காரம் வாங்கிப் பாக்கச் சொல்லி.

கேள்வி: வணக்கம். மாந்தளேல எங்க பழைய செங்கல் வீடு 2025 நிலநடுக்கத்துல விரிசல் விட்டு இடிச்சாச்சு. திருப்பிக் கட்டணும். யூடியூப்ல ஒன்னரை அடி கனத்துல மண் சுவரு வெச்சு கட்டறாங்க, உள்ள குளுகுளுன்னு இருக்குங்கறாங்க. எங்க ஊரு வெயிலுக்கு அது சரியா வருமா? (மாந்தளே வாசகர்)

வெயிலுக்கு சரியா வரும். பூமிக்கு சரியா வராது. நீங்க கேட்டதுலயே இதுதான் கஷ்டமான கேள்வி, கொஞ்சம் பொறுமையா படிங்க.

தடிச்ச மண் சுவரோட கெட்டிக்காரத்தனம் என்னன்னா அது வெயில வாங்கி வெச்சுக்கிட்டு மெதுவா உள்ள அனுப்பும், மத்தியானச் சூடு உள்ள வந்து சேர ராத்திரி ஆயிடும், அப்ப வெளிய காத்து கொஞ்சம் ஆறியிருக்கும், ஜன்னலத் தெறந்து வெளிய தள்ளிடலாம். மாந்தளே, மக்வே, பகான் பக்கமெல்லாம் மழ கொறவு, மாந்தளேல வருஷத்துக்கு 800, 850 மில்லிமீட்டர்தான், மோல்மேன்ல 4,700க்கு மேல கொட்டுது. வறண்ட ஊர்ல பகலுக்கும் ராத்திரிக்கும் நல்ல வித்தியாசம் இருக்கும், அங்க தடிச்ச சுவரு எடுபடும். மோல்மேன் ரங்கூன்ல மழைக்காலத்துல அஞ்சாறு டிகிரிதான் வித்தியாசம், ராத்திரியும் புழுக்கம்தான், அங்க தடிச்ச சுவரு கட்டினா ராத்திரி பூரா சூட்ட கக்கிட்டே கெடக்கும். யூடியூப்காரரு எந்த ஊர்ல நின்னு பேசறாருன்னு பாத்தீங்களா?

சரி, மாந்தளே வறண்ட ஊருதான். ஆனா 2025 மார்ச் 28, மத்தியானம் 12:50, 7.7 அளவுல பூமிக்கு அடியில சகாயிங் நிலப்பிளவு ஆட்டினப்ப எது எது விழுந்துச்சுன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா. கம்பி இல்லாத செங்கல், பழைய மடங்க, மசூதிங்க, கனமா இருந்ததெல்லாம். இப்ப கணக்குப் போடுங்க. பத்தடிக்கு பத்தடி ஒரே ஒரு சுவரு, ஒன்னரை அடி கனம், 150 கன அடி மண்ணு, 7 டன்னுக்கு மேல வரும். அத இழுத்துப் புடிக்க உள்ள ஒன்னும் இல்ல. அந்த 7 டன்னு பக்கத்துல யாரு படுத்திருப்பாங்க?

நம்ம ஆளுங்ககிட்டயே இதுக்கு ஒரு வழி இருந்துச்சு, மறந்துட்டோம். வரிச்சுச் சுவரு. தஞ்சாவூர் பக்கத்துலேருந்து வந்த எங்க தாத்தா வெறும் வரிச்சுன்னுதான் சொல்லுவாரு. நாலு மூலைக்கும் நடுவுக்கும் மூங்கில் தூணு, மூலைக்கு மூல குறுக்குச் சட்டம் அவசியம், அப்புறம் மூங்கில பொளந்து ரெண்டு பக்கமும் ரெண்டு இஞ்சுக்கு ஒன்னா படுக்க வெச்சு கட்டிடறது, நடுவுல மண்ணு வெச்சு ரெண்டு பேரு எதிரெதிரா நின்னு அமுக்கறது. ரெண்டு கையும் ஒரே நேரத்துல அமுக்கினாத்தான் மண்ணு வரிச்சிடுக்குல ஒன்ன ஒன்னு கவ்வும், ஒருத்தர் அமுக்கி இன்னொருத்தர் பேசிட்டு நின்னா காஞ்ச பிறகு தட்டுத்தட்டா வுழுந்துடும். மொத்தம் நாலு இஞ்சு கனம். அதே பத்தடி சுவரு ஒன்னரை டன்னுக்குள்ள வரும். ஆட்டம் வந்தா மண்ணு பொரிஞ்சு உதுரும், கூடு நிக்கும், மறுநாள் மண்ணக் கொழச்சு திரும்ப அப்பிக்கலாம். தென் அமெரிக்காவுல கொலம்பியாவுலயும் கிட்டத்தட்ட இதே மாதிரி முறைதான், நிலநடுக்கத்துக்கு தாங்குதுன்னு அங்க இஞ்சினியருங்களே கணக்குப் போட்டு விதியா எழுதி வெச்சிருக்காங்க.

மூங்கில் தாங்குமான்னு சந்தேகப்படறவங்களுக்கு நம்ம நாட்லயே சாட்சி இருக்கு. ப்ளூ டெம்பிள்ங்கற கட்டடக்கலை நிறுவனம் ஹவுசிங் நவ்னு பேரு வெச்சு, யாரும் சீண்டாத சின்ன மூங்கில கட்டு கட்டா சேத்து சட்டமாக்கி வீடு கட்டுறாங்க. நிலநடுக்கத்துக்கு கொஞ்ச நாள் முன்னாடி மையத்துக்கு கிட்டக்க 26 வீடு முடிச்சிருந்தாங்க, அதெல்லாம் சேதமில்லாம நின்னுச்சு. ஒரு வீட்டுக்கு ஆன செலவு ஏறக்கொறய ஒரு நல்ல ஸ்மார்ட்போன் வெலதான்.

மண் கூழ் பக்குவம் சொல்லிடறேன். மேல் மண்ணு வேணாம், ஒன்னரை ரெண்டடிக்கு கீழ தோண்டின மண்ணு, வைக்கோல அரை சாணா நறுக்கிப் போட்டு மிதிச்சு நாலஞ்சு நாள் புளிக்க விடுங்க, நாத்தம் வரணும், வந்தாத்தான் பசை. மொத பூச்சு காஞ்சா வெடிக்கும், வெடிக்கட்டும், ரெண்டாவது பூச்ச அது புடிச்சிக்கும். கடைசி பூச்சு சுண்ணாம்பு. உங்க பக்கம்தான் பனங்கருப்பட்டி வண்டி வண்டியா கெடக்குதே, கடுக்காய ஊறவெச்ச தண்ணியும் கருப்பட்டித் தண்ணியும் சுண்ணாம்புல சேத்து அரைச்சா இறுகறது தெரியும், செட்டிநாட்டுப் பக்கம் அந்தக் காலத்துல இப்படித்தான் அரைச்சாங்க. சிமெண்ட மட்டும் மண் சுவரு மேல பூசாதீங்க. மண்ணு ஈரத்த வாங்கும் விடும், சிமெண்டு மூச்ச அடைச்சிடும், உள்ள ஈரம் தங்கி ரெண்டு மழைக்குள்ள பாளம் பாளமா பேந்து வரும். அடியில ரெண்டடிக்கு செங்கல்லோ கருங்கல்லோ வெச்சு அதுக்கு மேல மண்ணு.

நாலு இஞ்சு சுவரு ஒன்னரை அடி சுவரு அளவுக்கு குளுகுளுன்னு இருக்காது, பொய் சொல்லமாட்டேன். 2024 ஏப்ரல் 28ல சவுக்ல 48.2 டிகிரி அடிச்சுது, அந்த மாதிரி நாள்ல எந்தச் சுவரும் தனியா நின்னு ஜெயிக்காது. மேற்குப் பக்கம் ஜன்னல கொறச்சு அந்தப் பக்கம் அகலமா தாழ்வாரம் எறக்கி, வேப்பமரம் இன்னிக்கே ஒன்னு வைங்க. கூரையில கனமான ஓடு வேணாம், லேசா இருக்கட்டும், தட்டோன் வாசகிக்கு சொன்ன தட்டி வேலைய நீங்களும் பண்ணுங்க.

கேள்வி: துவாந்தேக்கு தெக்க எங்க கிராமம். தநி, அதான் சேத்துத் தண்ணியில வளர்ற நிப்பா பன, அந்த ஓலக் கூரைதான் எல்லாருக்கும். மூனு வருஷத்துக்கு ஒரு தடவ மாத்தறோம். காத்து அடிச்சா வயித்துல புளி கரைக்குது. ஓலையிலயே காத்துக்கு தாங்கற மாதிரி கட்ட முடியுமா? (டெல்டா வாசகர்)

2008 மே மாசம் நர்கிஸ் புயல் அடிச்சப்ப உங்க பக்கத்துக்கு பத்தாம் நாள் அரிசி ஏத்திக்கிட்டு வந்த படகுல நானும் இருந்தேன். லட்சத்து முப்பத்தெட்டாயிரம் பேரு செத்தும் காணாமலும் போனாங்க. பெரும்பாலும் கடல் தண்ணி ஏறினதாலதான், அந்தத் தண்ணிக்கு ஓலையும் ஒன்னுதான் செங்கல்லும் ஒன்னுதான், அதனால வீட்ட நம்பி உக்காராம மேடான எடத்துக்கு ஓடறதுதான் மொத பாடம். ரேடியோ சொன்னா கெளம்பிடுங்க, கோழிய அப்புறம் பாத்துக்கலாம்.

தண்ணி வராத சாதா புயலுக்கு கட்டலாம். ரெண்டு பக்கம் சரிவு வெச்சா முக்கோணச் சுவருல காத்து நேரா மோதி தள்ளும், நாலு பக்கமும் சரிவா எறக்கினா வழுக்கிட்டு போகும். சரிவு தாராளமா, 40, 45 டிகிரிக்கு கிட்ட இருக்கட்டும், மழத்தண்ணியும் ஓலையில நிக்காது, நின்னாத்தான் அழுகும். ஓலைய நெருக்கமா அடுக்குங்க, செலவு கூடும், ஒரு வருஷம் கூட ஒழைக்கும்.

இன்னொரு நுணுக்கம். உங்க மழைக்கு இறவாரம் நீளமா வேணும், ஆனா நீளமா இருந்தா காத்து அதுக்கு அடியில புகுந்து கூரையவே தூக்கும். அதனால வீட்டுக் கூரைய தனியா, தாழ்வாரத்துக் கூரைய தனியா கட்டுங்க, ரெண்டையும் ஒரே கைமரத்துல ஓட விடாதீங்க. பெருங்காத்துல தாழ்வாரம் பிச்சிக்கிட்டு போகும், போகட்டும், தல மேல இருக்கற கூரை நிக்கும். ஆணிய மட்டும் நம்பாம ஒவ்வொரு கைமரத்தையும் விட்டத்தோட கம்பி போட்டு முறுக்குங்க, விட்டத்த தூணோட, தூண அடிக்கட்டையோட. மேலேருந்து கீழ வரைக்கும் சங்கிலி மாதிரி ஒரே பிடி, நடுவுல எங்க ஒரு கட்டு விட்டுப்போச்சோ அங்கதான் பிரியும்.

நெருப்புக்கு, அடுப்படிய தள்ளி வைங்க. பழைய பர்மாக் கிராமத்துல வீட்டுக்கு வீடு வாசல்ல நெருப்பு அடிக்கிற மட்டையும் ஓலைய இழுத்துத் தள்ற கொக்கியும் தண்ணிப் பானையும் வெச்சிருப்பாங்கல்ல, அது அலங்காரத்துக்கு வெச்சது இல்ல.

கேள்வி: அண்ணா, எனக்கு மூங்கில், மண்ணு இதெல்லாம் புடிக்கும். ஆனா பொண்ணு வீட்டுக்காரங்க வந்து பாத்துட்டு, மூங்கில் வீடா, எப்ப நல்ல வீடு கட்டப்போறீங்கன்னு கேட்டுட்டாங்க. எங்கம்மா அன்னிலேருந்து சரியா சாப்பிடல. என்ன சொல்றது? (தென் ஒக்கலப்பா, பேரு வேணாம்)

தம்பி, இந்த நாட்டுத் தேக்க கப்பல் கப்பலா கொண்டுபோயி காரைக்குடிப் பக்கம் தூணா நிறுத்தி வெச்சிருக்காங்க, அதப் பாக்க இன்னிக்கு வெள்ளக்காரங்க டிக்கெட் வாங்கிட்டு போறாங்க. அதே மரம் இங்க நின்னா ஏழை வீடு. இதுக்கு நான் என்ன பதில் சொல்ல.

ஆனா அவங்க பக்கத்துலயும் ஞாயம் இருக்கு, அத மறைக்கக்கூடாது. பொண்ணக் குடுக்கறவங்க வீடு நாளைக்கு நிக்குமான்னுதான் பாக்கறாங்க. நம்ம ஆளுங்க பாத்த மூங்கில் வீடெல்லாம் மருந்து போடாத, மண்ணுல நட்ட, நாலு வருஷத்துல சாயற வீடு, அதப் பாத்து பயந்தா தப்பா? அடித்தளம் ரெண்டடி செங்கல்ல எழுப்பி, வரிச்சுச் சுவருக்கு வெள்ளயா சுண்ணாம்பு பூசி, வாசக்கால் மட்டும் நல்ல மரத்துல வெச்சு ஒரு கோலத்தையும் போட்டுட்டு திரும்ப கூப்புடு. சுவருக்குள்ள மூங்கில் இருக்கறது அவங்களுக்கு தெரியவே தெரியாது. ஏப்ரல்ல, தண்ணித் திருநாளுக்கு முந்தின வாரம், மத்தியானம் ரெண்டு மணிக்கு கூப்புடு. அவங்க வீட்டு சிமெண்டுத் தளத்துக்கு கீழ உக்கார முடியாம இருக்கற நேரம் அது. அம்மாவ இன்னிக்கே சாப்பிடச் சொல்லு.

சின்னக் கேள்விங்க

*தரைக்கு சாணி மெழுகலாமா?* தாராளமா. ஆனா மண் தரைக்கு. சிமெண்டுத் தரை மேல மெழுகி வழுக்கி விழுந்துட்டு ஒருத்தரு போன வருஷம் என்னத் திட்டி எழுதியிருந்தாரு.

*யேனாஞ்சாங் ஊர்ல பூமியிலேருந்து எடுக்கற கச்சா எண்ணெய், அந்த கருப்பு மண்ணெண்ண மாதிரி இருக்கே, மரவீட்டுக்கு வெளிய அடிக்கறாங்களே, நல்லதா?* கரையானுக்கும் மழைக்கும் நல்லதுதான், காலங்காலமா அடிக்கறாங்க. வெளிப்பக்கம் மட்டும். உள்ள அடிச்சா வாசத்துல தூக்கம் வராது, அடுப்புப் பக்கம் அடிச்சா தூங்கவே வேண்டி இருக்காது.

*அழுத்தின மண் கல்லு, ஆரோவில்ல பண்றாங்களே, இங்க பண்ணலாமா?* பண்ணலாம். நூத்துக்கு 5 பங்கு சிமெண்டு, மிச்சம் மண்ணும் மணலும், மெஷின்ல அழுத்தி நாலு வாரம் தண்ணி தெளிச்சு வைக்கணும், சூளை வெறகு மிச்சம். ஆனா ஒத்த வீட்டுக்கு மெஷின் வாங்கினா கட்டுப்படியாகாது, தெருவே சேந்து பத்து வீடு கட்டினா கேளுங்க. மாந்தளே பக்கம்னா நடுவுல கம்பி விடற ஓட்டக் கல்லுதான் போடணும்.

*எங்க மண்ணு சுவருக்கு ஆகுமான்னு எப்படி தெரிஞ்சிக்கறது?* கண்ணாடி பாட்டில்ல மூனுல ஒரு பங்கு மண்ணு, மிச்சம் தண்ணி, ஒரு சிட்டிக உப்பு, நல்லா குலுக்கி ஒரு நாள் அசையாம வைங்க. அடியில மணலு, நடுவுல வண்டலு, மேல களி, கோடு கோடா தெரியும். களி அஞ்சுல ஒன்னுலேருந்து மூனுல ஒன்னு வரைக்கும் இருந்தா ஆகும், அதுக்கு மேல இருந்தா மணல் சேருங்க. புரியலன்னா போட்டோ எடுத்து வைபர்ல அனுப்புங்க, பாட்டில் பக்கத்துல ஒரு ஸ்கேல வெச்சு எடுங்க, போன மாசம் ஒருத்தரு வெரல வெச்சு எடுத்து அனுப்பிட்டு களி எவ்ளோ இருக்குன்னு கேக்கறாரு, அவரு வெரலு எவ்ளோ நீளம்னு எனக்கு எப்படிங்க தெரியும்.